திரையில் பரப்பி வைத்த கோப்புகள்

எடைமேடைக் குமாஸ்தாவின் வீட்டுக் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு மக்கர் செய்யத் தொடங்கியது. ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. பொத்தானை அழுத்தினால் உயிர் வரும். கோப்புகளின் சின்னச் சின்னப் படங்கள் ஒவ்வொன்றாய் வந்து நிற்கும். ஒன்பதாவது நொடியில் அத்தனையும் மறைந்து திரை வெறும் நீலமாகிவிடும். மறுபடி வரும், மறுபடி போகும்.

புதன்கிழமை மதியத்துக்குள் அவர் அதை நாற்பத்து மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் பொறுக்க நேரமில்லை. மறுநாள் பத்தரைக்கு மகளை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். இரண்டு வருடக் குறிப்பு முழுவதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். மாத்திரையில் வலிப்பு குறைந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம்; குறையவில்லை என்றால் தலையில் ஆபரேஷன். மகளுக்கு இருபத்தாறு வயது. எழுத்தும் வீடியோவுமாக அந்தக் குறிப்பு முழுவதும் இந்தப் பெட்டிக்குள் இருந்தது.

மூன்று இருபதுக்கு மெக்கானிக் வந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, வாயில் ஒரு ஸ்குரூ. பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டினாள், மெமரியைக் கழற்றி மாட்டினாள். பயனில்லை. அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்தாள். அங்கேயும் ஒன்பது நொடிதான்.

"எந்திரிச்சு உக்காருது சார், கண்ண முழிச்சுப் பாக்குது, உடனே மயங்கி விழுந்துடுது" என்றாள்.

குமாஸ்தாவின் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். "இந்த வீட்ல அது ஒண்ணுதான் பாக்கியா இருந்துச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றை மட்டும் வரவழைத்து ஏதோ தட்டினாள். எண்கள் ஓடி நின்றன.

"சார், டெஸ்க்டாப்லயே அறுநூத்துப் பதினொரு ஃபைல் கிடக்கு. அதுல பாதி வீடியோ. ஒரு ஃபோல்டர் போட்டு உள்ள வைக்கக் கூடாதா?"

"உள்ள வைக்க மாட்டேன்மா."

"ஏன் சார், உள்ள பாம்பா இருக்கு?"

அவர் சொன்னார். எடைமேடையில், லாரி பாரத்தோடு ஏறும்போது ஒரு சீட்டு எழுதுவார்கள். காலியாகத் திரும்பி வந்து மறு எடை போடும்வரை அந்தச் சீட்டு மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி கிடக்க வேண்டும். இழுப்பறைக்குள் போய்விட்டால் அந்த லாரியின் சோலி முடிந்தது என்று பொருள். முப்பத்தோரு வருடமாக அவருக்கு அதுதான் பழக்கம்.

"என் பொண்ணு விஷயம் இன்னும் முடியலையேம்மா. அத எப்படி உள்ள தள்றது?"

மெக்கானிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானா இருந்தாலும் தள்ள மாட்டேன் சார். ஆனா இது திறக்கும்போது ஒவ்வொரு வீடியோவுக்குள்ளயும் எட்டிப் பாத்துத்தான் அந்தக் குட்டிப் படத்தப் போடுது. எதோ ஒரு வீடியோ கெட்டுப் போயிருக்கு. அதத் தொட்டதும் விழுந்துடுது."

கறுப்புச் சன்னல் வழியாகவே அத்தனையையும் வேறோர் இடத்துக்கு நகர்த்தினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. ஒன்பது நொடி கடந்தது, ஒரு நிமிடம் கடந்தது. துடைத்துவிட்ட சுவர்போல் வெறுமையாக நின்றது திரை. குமாஸ்தாவுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு பாதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். நின்றது. மறு பாதியைக் கொண்டுவந்தாள். விழுந்தது. விழுந்ததில் பாதி, அதில் பாதி என்று சுருக்கிக்கொண்டே போனாள். பத்தாவது முறையில் ஒரே ஒரு வீடியோ அகப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து பதினெட்டுக்கு வந்த வலிப்பு.

"போன்லேர்ந்து ஏத்தும்போது பாதியில கேபிளப் புடுங்கிட்டீங்களா சார்?"

"நானா? ஒரு நாளும் இல்ல."

"நான்தான் புடுங்கினேன்." மகள் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "நீங்க யாரோ கூப்பிட்டாங்கன்னு வெளிய போனீங்கள்ல, அப்ப. போன்ல இருந்ததையும் அழிச்சுட்டேன்."

"ஏம்மா?"

"அதுல துணி விலகிக் கிடக்குதுப்பா. வாயெல்லாம் நுரை. எனக்குன்னு ஒரு மானம் கிடையாதா? வலிப்பு வந்தா அம்மா என்னப் புடிக்கிறாங்க, நீங்க போனப் புடிக்கிறீங்க."

"டாக்டர்தான எடுக்கச் சொன்னாரு."

"ஒரு தடவ எடுக்கச் சொன்னாருப்பா."

மெக்கானிக் ஸ்குரூக்களைப் பொறுக்குவதில் மும்முரமானாள்.

மகள் இன்னும் போகவில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன். வரப் போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வயித்துல என்னமோ பண்ணும். அப்ப குளியலறைக்குள்ள போய், சத்தம் வெளிய கேக்காமத் தண்ணியத் திறந்து விட்டுட்டுக் கீழ உக்காந்துக்குவேன். ஒரு வருஷமா அப்படித்தான்."

குமாஸ்தா ஒரு தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார். "தேதியச் சொல்லும்மா. எல்லாம் வேணாம், நெனவிருக்கிறத மட்டும் சொல்லு."

"தேதியா? மயங்கிக் கிடக்கிறவ கடிகாரம் பாப்பாளாப்பா?"

அவர் பேனாவை மூடினார். அவருடைய குறிப்பில் மாதத்துக்கு எட்டாக இருந்த வலிப்பு இரண்டாகியிருந்தது. அந்த இரண்டைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு வருடமாக அவர் தூங்கினார்.

"சார், அந்த வீடியோவ அழிச்சிடட்டுமா?" என்றாள் மெக்கானிக், மெதுவாக.

"அழிச்சிடும்மா."

வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு டாக்டர் குறிப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, நல்லாக் குறைஞ்சிருக்கே! அப்ப ஆபரேஷன் பேச்சே வேணாம்" என்று பேனாவை எடுத்தார்.

மனைவி குமாஸ்தாவின் கையை அழுத்தினாள். சொல்லுங்கள் என்றா, வேண்டாம் என்றா, அவருக்குப் புரியவில்லை.

"டாக்டர், இந்தக் கணக்கு சரியில்ல" என்றார். "நெறைய விட்டுப் போயிருக்கு."

"எத்தனை?"

"தெரியாதுங்க. அவளுக்கும் தெரியாது."

டாக்டர் தாள்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளினார். "அப்ப இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பொண்ணு பத்து நாள் இங்க வந்து படுக்கணும். தலையில ஒயர் ஒட்டுவோம். ராத்திரி பகல் கேமரா ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம்தான் முடிவு."

குமாஸ்தாவால் மகள் பக்கம் திரும்ப முடியவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை.

"எந்தத் தேதியில வரணும்?" என்று மகள் டாக்டரிடம் கேட்டாள்.