பாட்டுக்கு நடுவே விட்ட இடம்

1. மறுத்த மெஷின்

டேப் டெக்கின் சின்னக் கண்ணாடியில் 'காப்பி புரோஹிபிட்', அதாவது நகல் எடுக்கத் தடை என்று எழுத்து மின்னியது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதையே சொன்னது. எனக்குப் பொதுவாகவே பொறுமை கம்மி. மெஷினைப் பார்த்து, "போடா" என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பதறிப்போய், "என்னம்மா, டேப் போயிடுத்தா?" என்று எழுந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில் நான் இன்ஜினீயர். பழைய ஸ்பூல், கேசட், எது வந்தாலும் சிடியில் ஏற்றிக் கொடுப்போம். பெரியவர் கொண்டுவந்தது டேட். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிஜிட்டல் டேப்.

அவர் பெயர் வைத்தியநாதன், மயிலாப்பூர். மனைவி சாரதா மாமி வீட்டிலேயே பாட்டு கிளாஸ் எடுத்தவர். வெளிநாட்டில் இருக்கும் பேத்தி நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாதே என்று, மாமியைப் பாடம் நடத்துவதுபோலவே பாடவைத்து மாப்பிள்ளை பதிவு செய்திருக்கிறார். அசல் டேப்பை அவருடைய மெஷின் சிக்கவைத்துத் தின்றுவிட்டது. எடுத்து அனுப்பியிருந்த ஒரே நகல்தான் எங்கள் டெக்கில் இருந்தது.

"நகலுக்கு நகல் எடுக்க இந்த மெஷின் விடாது மாமா. பிள்ளை பெத்துக்கலாம், பேரன் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வெச்சிருக்கான். பாட்டுக் கம்பெனிங்களுக்காகப் போட்ட பூட்டு, உங்க வீட்டுப் பாட்டுக்கும் சேர்த்து விழுந்திருக்கு."

அவர் நாற்காலியை டெக்கின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிடுத்தும்மா. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிலதான். உசிரோட திரும்பினாளே, அது போறும். ஆனா குரல் இல்லை. கிளாசை நிறுத்திட்டா. சுருதிப் பெட்டியைத் துணியைச் சுத்திப் பரண்ல போடச் சொல்லிட்டா. இந்த டேப்பை வெச்சுண்டு சொல்லிக் குடுக்கலாமேன்னு நான்தான் ஆசை காட்டிண்டிருக்கேன். நன்னா வந்தா ஆரம்பிப்பா. இல்லேன்னா விட்டுடுவா. அவளை எனக்குத் தெரியும்."

2. ராவ் சாரின் கைவண்ணம்

எங்கள் முதலாளி ராவ் சார் இதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. "டிஜிட்டல்ல விடலைன்னா ஆடியோ கேபிளைப் போட்டு எடு விஜயா. யாருக்கு வித்தியாசம் தெரியப் போவுது?" என்று சொல்லி, தானே உட்கார்ந்து எடுத்தும் கொடுத்தார்.

அந்த வழியில் பூட்டு தடுக்காது. ஆனால் வயரின் உறுமலும் இரைச்சலும் கொஞ்சம் சேரும். அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேட் என்று ஒரு கருவி. பாட்டு நிற்கும் இடங்களில் சத்தத்தை அடியோடு மூடிவிடும். பாட்டு முடிந்ததும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எங்கள் கடையின் பெருமையே அதுதான். மாமியின் டேப்பில் நிற்கும் இடங்கள் நிறைய. ஒரு வரி பாடுவார். மாணவி திருப்பிப் பாட ஒரு ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இடம் விடுவார். அத்தனை இடத்தையும் ராவ் சார் துடைத்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்.

இரண்டாம் நாள் வைத்தி மாமா சிடியோடு திரும்பி வந்தார். கூடவே மாமி. கழுத்தைச் சுற்றிக் கைத்தறித் துணி. கடையைச் சுற்றிப் பார்த்த பார்வையில் ஒரு டீச்சரின் கண்டிப்பு அப்படியே இருந்தது.

"வேண்டாம்னு தலையாட்டறா. ஏன்னு எழுதிக் காட்டுன்னா மாட்டேங்கறா. காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டறா" என்றார் மாமா.

அவர்கள் கொண்டுவந்திருந்த டேட்டையே போட்டு மாமிக்கு ஒரு ஹெட்போன், எனக்கு ஒன்று மாட்டினேன். ஒரு வரி முடிந்தது. மாமியின் கை தொடையில் தாளம் போட்டது. ஆவர்த்தனம் முடிகிற நேரத்தில் ஒரு விரலை உயர்த்தி என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒலியை நன்றாக ஏற்றித் திரும்ப ஓட்டினேன்.

"ம்... சரி."

மைக்கை விட்டு முகத்தைத் திருப்பி, தன்னை அறியாமல், எதிரே இல்லாத பேத்திக்குச் சொன்ன சரி. அடுத்த இடத்திலும் இருந்தது. அதற்கடுத்த இடத்திலும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் குப்பை என்று கூட்டித் தள்ளியது, அவர் பாடாமல் பேசிய ஒரே பேச்சு.

3. தாஸின் தகர டப்பா

கேட்டை எடுத்துவிட்டு இன்னொரு முறை கேபிளில் ஓட்டிப் பார்த்தேன். உறுமலில் அந்த 'சரி' முழுகிப்போனது. இருந்தது இருந்தபடி வரவேண்டும் என்றால் டிஜிட்டல்தான் வழி.

எங்கள் சர்வீஸ் மெக்கானிக் தாஸைக் கூப்பிட்டேன். அடையாற்றங்கரைக்காரன். எந்த மெஷினைத் திறந்தாலும் அதோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் வேலை செய்வான்.

"இதுக்கா யக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? பாட்டு ஒருபக்கம் போய்க்கினு கீது, கூடவே 'காப்பி கூடாது'ன்னு ஒரு சிக்னலும் போய்க்கினு கீது. நடுவுல நான் செஞ்சி வெச்சிகிற தகர டப்பாவப் போட்டா அந்த சிக்னல மட்டும் புடுங்கிடும். பாட்ட இன்னாவும் பண்ணாது."

ராவ் சாருக்கு வேர்த்தது. "வேணாம்பா. கம்பெனிக்காரன் கேஸு கீஸு போட்டான்னா?"

"அவங்க குரலை அவங்க காப்பி எடுக்க எந்தக் கம்பெனிகிட்ட சார் பர்மிஷன் வாங்கணும்?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. ராவ் சார் மாமியைப் பார்த்தார். மாமி கைகூப்பினார். ராவ் சார் எழுந்துபோய் ஏசியை ஓடவிட்டார். மெஷின் சூடாகக் கூடாதாம். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

தாஸ் டப்பாவை நடுவில் மாட்டி டேப்பை ஓடவிட்டான். டேட் எப்போது வேண்டுமானாலும் சிக்கும். இது சிக்கினால் மாமியின் அந்த 'சரி' உலகத்தில் எங்குமே இல்லை. டேப் ஓடி முடியும்வரை தாஸ்கூட வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் அந்தப் பாழாய்ப்போன எழுத்து வரவே இல்லை. எடுத்த சிடியைப் போட்டு, முதல் வரி முடிந்து, தாளம் முடியும் இடத்துக்குக் காத்திருந்தோம்.

"ம்... சரி."

"சரின்னுட்டாங்க யக்கா!" என்று குதித்தான் தாஸ். மாமி அவன் தலையில் கைவைத்தார்.

4. மயிலாப்பூரில்

கிளாஸ் திரும்ப ஆரம்பித்த அன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பரணிலிருந்து சுருதிப் பெட்டி இறங்கியிருந்தது. பாவாடை கட்டிய மூன்று பெண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த 'சரி' கேட்கும்படி ஒலியை ஏற்றி வைத்திருந்த சிடியில் மாமி ஒரு வரி பாட, அவர் விட்டிருந்த இடத்தில் பெண்கள் பாடினார்கள். ஒருத்திக்குச் சுருதி இறங்கிவிட்டது. ஸ்பீக்கர் பெருந்தன்மையாக, "ம்... சரி" என்றது.

மாமிக்கு வந்ததே கோபம். பளாரென்று தொடையில் தட்டி, பிளேயரை நிறுத்தி, 'சரியாம் சரி!' என்பதுபோல ஸ்பீக்கரை முறைத்துவிட்டு, அந்தப் பெண்ணை மறுபடி பாடச் சொல்லிக் கையைக் காட்டினார். பெண்கள் சிரித்து உருண்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் மாமி பழைய டீச்சராகிவிட்டார்.

கிளாஸ் முடிந்து பெண்கள் போனபிறகும் சிடி ஓடிக்கொண்டிருந்தது. மாமா சமையலறை வாசலில் நின்று எதற்கோ காத்திருப்பதுபோலத் தெரிந்தது. ஒரு வரி முடிந்தது. தாளத்தை விரலில் எண்ணியவர், சரியான நேரம் பார்த்துக் கேட்டார்:

"சாரதா, காபி கலக்கட்டுமா?"

"ம்... சரி" என்றது மாமியின் குரல்.

மாமி சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. மாமா என்னிடம் திரும்பி, "கல்யாணமான நாளா நான் கேட்டதுக்கெல்லாம் சரின்னதே இல்லம்மா. இப்போ தெனம் சொல்றா" என்றார்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இரைச்சலை நீக்க நொடியில் வழி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: காலியாக இருக்கிறதே என்று எந்த இடத்தையும் துடைப்பதற்கு முன், அந்தப் பதிவுக்குச் சொந்தக்காரரை ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அங்கே யாராவது யாருக்காவது காபிக்குச் சரி சொல்லிக்கொண்டிருக்கலாம்.