நாலாவது பைப்

காருக்கு அடியில் படுத்திருந்த மகன், "பிரேக்க மிதிம்மா" என்றான். புது பிரேக் பைப் மாட்டி, அதிலிருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான். நான் சீட்டில் உட்கார்ந்து மிதித்தேன்.

ராயபுரத்தில் எங்கள் வாசலில் அம்மாவும் இப்படித்தான் மிதிப்பாள். நான் அப்போது சின்னப் பெண். நைனா வாடகைக் கார் ஓட்டினார். கடற்காற்றில் இரும்பு பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று, படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயை அதற்கும் பூசுவார். தெருவே நாறும்.

ஒரு நாள் காரின் நாலு பிரேக் பைப்பில் மூன்றை மாற்றினார். நாலாவது பளபளவென்று இருந்தது.

"அத்தயும் மாத்துய்யா" என்றாள் அம்மா.

"கடல் தண்ணிக்கே அசராத எண்ணெமே இது. காத்துக்கா பயப்படும்?"

"கார் இன்னா கட்டுமரமா?"

நைனா சிரித்தார். துருவின் மேலேயே எண்ணெய் பூசியிருக்கிறார். அடியில் அது அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் காரில் ஒரு பைப் உடைந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை.

மறுநாள் எண்ணூர் போகும் வழியில், நின்றிருந்த லாரியில் மோதிச் செத்தார். சேதி கொண்டுவந்த டிரைவரிடம் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பிரேக்க மிதிச்சாரா?"

"மிதிச்ச காலு மிதிச்சபடியே இருந்துச்சிக்கா. எங்களால எடுக்க முடில."

அதற்குப் பிறகு மீன் ஆயும்போதும் அரிசி புடைக்கும்போதும் அம்மாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். சொன்னால்தான் எடுப்பாள்.

"போதும்மா, கால எடு" என்று மகன் கத்தினான்.

எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.