வெளிக்கதவைப் பூட்டாதே

இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. எழுதத்தான் முடிகிறது. ஆனால் ஒரு வரிகூட இட்டுக்கட்டவில்லை. என் கண்ணால் பார்த்தது.

கனடாவில், மானிடோபாவின் வடபகுதியில் எங்கள் ஊர். ஜனவரியில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அன்று மைனஸ் நாற்பதுக்கும் கீழே போகும், பனிப்புயலும் வரும் என்று ரேடியோ சொன்னது. நெடுஞ்சாலை ஓரத்துச் சலவைக்கடையை அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நானும் கூடப் போவேன்.

கடையைக் குளிருக்குத் தயார் செய்தோம். வெளிக்குழாயில் இருந்த தண்ணீரை வடித்தோம். ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம். தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமலிருக்க, தொட்டிக் குழாயைச் சொட்டவிட்டோம்.

பாக்கி வாசல்தான்.

எங்கள் பகுதிக் கடைகளுக்கு இரண்டு கண்ணாடிக் கதவுகள். நடுவே நாலு பேர் நிற்கலாம். புயல் வந்தால் உள்கதவைத்தான் பூட்டுவோம். வழியில் வண்டி நின்றுபோனவர்கள் ஒதுங்க வெளிக்கதவு திறந்தே இருக்கும். அங்கே ஒரு சின்ன ஹீட்டர்கூட இருந்தது. முதலாளி போன வாரம் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"யாரோ அங்க படுத்துத் தூங்கறாங்களாம். இன்னொரு தடவை தூங்கினா என் வேலை போச்சாம்" என்றாள் அம்மா. "அவரு ஃபுளோரிடாவுல வெயில் காஞ்சுக்கிட்டே பூட்டு, பூட்டுன்னு போன் பண்றாரு. போய்ப் பூட்டுடி மரிக்கா."

அவள் பாய்லரைப் பார்க்கக் கீழே இறங்கினாள். நான் சாவியோடு வாசலுக்குப் போனேன்.

கதவுகளுக்கு நடுவே ஒரு பெண் நின்றிருந்தாள்.

சிவப்புக் கம்பளித் தொப்பி. ஒரு கையில் மட்டும் உறை. ஹீட்டர் இருந்த மூலையில் குனிந்து கைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வெறும் சுவர்...

"பூட்டிடாதே கண்ணு. என் பொண்ணு பின்னாடியே வர்றா."

தலையை ஆட்டினேன். அவள் பேசினாள். ஆனால் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தபோது யாரும் இல்லை. மிதியடி காய்ந்திருந்தது. வெளியே புதுப்பனியில் ஒரு தடம்கூட இல்லை.

"ஒரு கையிலதான் உறையா?" அம்மா அப்படியே ஒரு துவைக்கும் மெஷின் மேல் சாய்ந்துகொண்டாள்.

"நாலு வருஷம் ஆச்சுடி. நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. ரோட்டுல காரு நின்னுபோச்சு. பொண்ணை உள்ளயே உட்கார வச்சுட்டு, இங்க வெளிச்சம் பார்த்து ஓடி வந்திருக்கா. அன்னிக்கும் பூட்டச் சொல்லித்தான் உத்தரவு. பூட்டியிருந்துச்சு. திரும்பிப் போறப்போ காருல பொண்ணைக் காணோம். தேடித் தேடியே... காலையிலதான் அவளைப் பொணமா கண்டெடுத்தாங்க. அவளோட இன்னொரு உறை பொண்ணு கையில இருந்துச்சு."

"பொண்ணு?"

"பொழைச்சுட்டா. இறங்கி நடந்திருக்கா. பனி தள்ளற வண்டிக்காரர் எல்மர் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. இப்போ வின்னிபெக்ல சித்தி வீட்டுல இருக்கா. பெத்தவளுக்குத்தான் தெரியாமலே போச்சு."

அம்மா என் கையிலிருந்த சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "பூட்டு உறைஞ்சுபோச்சு, சாவி திரும்பலைன்னு சொல்லிக்கறேன். வேலை போனா போகட்டும்."

அடுத்த புயல் பிப்ரவரியில் வந்தது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு உள்கதவருகே காத்திருந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள். அதே தொப்பி. அதே மூலை.

"பூட்டிடாதே கண்ணு. என் பொண்ணு..."

"அக்கா." உள்கதவின் கண்ணாடியை ஒட்டி நின்றேன். "உங்க பொண்ணு உயிரோட இருக்கா. சித்தி வீட்டுல, வின்னிபெக்ல. நல்லா இருக்கா."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அழுகிற முகம். கண்ணீர் மட்டும் இல்லை.

மெல்ல வெளிக்கதவின் பக்கம் திரும்பினாள்.

"அப்போ... பின்னாடி வர்றது யாரு?"

டக்.

டக்.

வெளிக்கண்ணாடியில் உறைபனி உருகியது. என் இடுப்பு உயரத்தில்... ஒரு சின்னக் கை அளவுக்கு.

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அவள் இல்லை. பிறகு அவள் வரவே இல்லை.

பனி கரைந்த பிறகு எல்மர் மாமா துணி துவைக்க வந்தார். அந்த ராத்திரியைப் பற்றி அம்மா கேட்டாள். அவர் சோப்பு டப்பாவைப் பார்த்தபடியே சொன்னார்.

"வண்டியில ஏத்தினதும் அந்தக் குழந்தை ரோட்டைக் காட்டிச்சு. 'அவளையும் ஏத்திக்கோங்க, என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தா'ன்னு ஒரே அழுகை. எனக்கு அங்க யாரும் தெரியலை. குளிர்ல உளறுதுன்னு நினைச்சுட்டேன். ஆனா பனியில தடம் ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் சின்னது."

இறந்துபோன அந்தத் தாய்க்கு ஒரே குழந்தைதான். ஊரில் வேறு எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை.

இந்த வருஷமும் குளிர் வந்துவிட்டது. வெளிக்கதவைப் பூட்டிவிடலாமா என்று நானே கேட்டேன். அம்மா பழைய ஹீட்டரைத் தூசி தட்டி அதே மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரா இருந்தா என்னடி... அதுக்கும் குளிருமில்ல?"