முகவரிக் கட்டம்

நீதிமன்றப் படிக்கட்டின் கீழே, மழை ஒழுகாத ஒரே மூலையில்தான் டைப்பம்மாவின் மேசை. இருபத்திரண்டு வருஷமாக அங்கே உட்கார்ந்து மனு டைப் அடித்துக் கொடுக்கிறார். மனுஷிக்கு வாய் கொஞ்சம் நீளம். இளவட்ட வக்கீல் யாராவது தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்தால், "தம்பி, இதை எதிர்த்தரப்பு வக்கீல்தான் எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார். ஆனால் அவர் அடித்த மனு ஒன்றுகூட அதுவரை நீதிமன்றக் கவுண்டரிலிருந்து திரும்பி வந்ததில்லை. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டார். அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வம்தான் ஒரு குடும்பத்தின் தலையில் விடிந்தது. மணிக்கட்டு வீங்கிப்போன ஒரு பெண் வந்தாள். புருஷனின் அடி தாங்காமல் கூடப்பிறந்த அக்கா வீட்டில் ஒளிந்திருக்கிறாள். அவன் கிட்டே வராதபடி நீதிமன்றம் ஓர் உத்தரவு போடவேண்டும். எல்லாம் சரளமாகச் சொன்னவள், முகவரி கேட்டதும் தயங்கினாள்.

"அது கண்டிப்பா எழுதணுமாம்மா?"

"காலியா விட்டா திருப்பிக் குடுத்துடுவாங்க. சொல்லு தாயி."

சொன்னாள். டைப்பம்மா கதவு எண் வரைக்கும் பிசிறில்லாமல் அடித்தார். மனுவின் நகல் புருஷனுக்கும் போகும், அது விதி. நாலாம் நாள் அவன் அந்த வீட்டு வாசலில் நின்றான். கதவை அடைக்கப் போன அக்காவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

செய்தி டைப்பம்மாவின் காதில் விழுந்தது. பாவி, நானே வழி காட்டி அனுப்பிவிட்டேனே என்று உள்ளுக்குள் மருகினார். ஆனால் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே போனால், நகல் போகும் என்று எச்சரிக்காமல் முகவரி வாங்கியதற்காக மனு அடிக்கும் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், அந்த மேசைதானே சோறு போடுகிறது? அதனால் வாயைத் திறக்காமலே பரிகாரம் தேடினார். அன்றுமுதல் அடிபட்டு வரும் பெண்களின் மனுவில், "முகவரி நீதிபதியின் பார்வைக்கு மட்டும்" என்று அடித்து, முகவரியைத் தனி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். கவுண்டர் குமாஸ்தா ஒவ்வொன்றையும் திருப்பினார்.

"விதியில இல்லாததை நான் எப்படி வாங்கறது?"

"அந்த விதிதான் தம்பி ஆளைக் காட்டிக் குடுக்குது."

திரும்பிய மனுக்களை எடுத்துக்கொண்டு நீதிபதி அறை வாசலில் கால் கடுக்க நிற்பார். கெஞ்சிக் கூத்தாடி ஏற்க வைப்பார். இப்படி முப்பத்தொரு மனு ஆயிற்று. அதைப் பார்த்துவிட்டு ஒரு வக்கீலம்மா கூடச் சேர்ந்தார். முகவரிக் கட்டத்தை எடுக்கச் சொல்லி இருவரும் கையெழுத்து வாங்கினார்கள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று ஒன்றரை வருஷம் இழுத்தடித்த பிறகுதான், விதிகளை மாற்றும் குழு அவர்களைக் கூப்பிட்டது.

"நல்ல எண்ணம்தான்," என்றார் குழுத் தலைவர். "ஆனா இந்தக் கட்டத்தால யாருக்காவது பாதிப்பு வந்திருக்கா? ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க."

வக்கீலம்மா காகிதங்களைப் புரட்டினார். அவரிடம் ஏது? உதாரணம் பக்கத்து நாற்காலியில் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது விட்டால் இந்தக் கட்டம் எந்த ஜென்மத்திலும் மாறாது என்று டைப்பம்மாவுக்குத் தெரிந்தது. எழுந்தார்.

"வந்திருக்குங்க. ஒரு அம்மாவுக்குக் கை முறிஞ்சுது. அந்த முகவரியை அடிச்சவ நான்தான். அந்தப் பொண்ணு தயங்கினா, நான்தான் விடாம கேட்டு வாங்கினேன்."

இரண்டே மாதத்தில் அந்தக் கட்டம் மனுவிலிருந்து போயிற்று. கூடவே ஆறு மாதத்துக்கு டைப்பம்மாவின் உரிமமும் போயிற்று. போனால் போகட்டும் என்று வீட்டில் கிடந்தார்.

ஒருநாள் மதியம், அன்று மணிக்கட்டு வீங்கி வந்த அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். குழுவில் டைப்பம்மா சொன்னதைப் பத்திரிகையில் படித்திருக்கிறாள். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறாள் என்று டைப்பம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நகல் அவனுக்குப் போகும்னு எங்களுக்குத் தெரியாதும்மா," என்றாள் அவள். "நான்தான் போன்ல அவன்கிட்ட உளறிட்டேன்னு எங்கக்கா நெனைச்சுக்கிட்டா. ரெண்டு வருஷமா என்கூடப் பேச்சே இல்ல. சொந்தக்காரங்களும் அதையே சொல்லிச் சொல்லி, நான்தான் உளறிட்டேனோன்னு எனக்கே ஆயிடுச்சு."

டைப்பம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் பழியைச் சுமந்தது இவளல்லவா!

"ஒரு தடவை வந்து, நீங்களே எங்கக்காகிட்ட சொல்றீங்களா?"

டைப்பம்மா அடுப்பை அணைத்துவிட்டு, உடுத்தியிருந்த புடவையோடு அவள் பின்னால் கிளம்பினார்.