என் பையில் மூன்று சுரைக்காய்

பொன்னேரிப் பக்கத்தில் மருந்தடிக்காத பண்ணை ஒன்றுக்கு விதைக்கும் முன்பே பணம் கட்டிவிட்டு, விளைகிறதை வாராவாரம் பங்காக வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை மாடிவீட்டு ஷெட்டில் வேன் பைகளை இறக்கிவிட்டுப் போகும். எல்லாப் பையிலும் ஒரே மாதிரிக் காய்கள்தான். பக்கத்தில் ஒரு கூடை இருக்கும். பிடிக்காததை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் போட்டதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வருகிறவர்கள் கூடையில் மாற்றிக்கொள்வதோடு விடவில்லை. அடுத்தவர் பைக்குள்ளும் கைவிட்டார்கள். கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டாததைத் திணித்தார்கள். எனக்குக் கூட்டம் என்றால் கூச்சம், கடைசியில்தான் போவேன். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்புக்கு ஆசையாக வந்து பார்த்தால் பையில் மூன்று சுரைக்காய்.

எதிர்வீட்டுக்காரி என்னோடு இந்தப் பங்கில் சேர்ந்தவள். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வருவதற்குள் அவள் பையும் சூறையாகியிருக்கும். பங்கு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். பிறகு இன்னும் சிலர் நிறுத்தினார்கள். எல்லாரும் தாமதமாக வருகிறவர்கள்.

ஏன் ஆள் குறைகிறது என்று கேட்கப் பண்ணையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இப்படியே போனால் இந்தத் தெருவுக்கு வேன் வராது என்றாள். ஷெட்டுக்குச் சொந்தக்காரியான மாடிவீட்டம்மா முந்திக்கொண்டாள்.

"இங்க கீற ஜனத்துக்கு நல்ல காயோட அரும இன்னா தெரியும்? மார்க்கெட்டுல பளபளன்னு இருந்தா போதும்."

புழு அரித்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பொத்திப் பொத்திச் சமைத்த நானா அருமை தெரியாதவள்? அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க ஆயா" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அரும தெரியாம போவலம்மா. அவங்க பங்கு அவங்களுக்கு வரல, போய்ட்டாங்க. என் பையத் தொறந்து பாரு."

திறந்து பார்த்தாள்.

"வயசானவங்களுக்கு சொரக்கா ஒடம்புக்கு நல்லதுதானே" என்றாள் மாடிவீட்டம்மா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

இனிமேல் பைகளைக் கட்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் அந்தப் பெண். கட்டினால் அவிழ்க்கத் தெரியாதா இவர்களுக்கு?

அடுத்த ஞாயிறு வேன் வரும் முன்பே போய், இறக்கிய பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கை நீண்டது. "அது உன்னுது இல்ல" என்றேன். கை பின்வாங்கியது. ஒருத்தி பங்குக்கு இன்னொருத்தி காவல் இருக்க வேண்டுமா என்று ஆத்திரம் அடங்கவேயில்லை.

அந்த வழியாக மீன்கூடையோடு வந்த எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து நின்றாள்.

"வாரா வாரம் குந்துவியா? சொல்லு, திரும்ப சேர்றேன்."

குந்துவேன் என்றேன்.