லைன் மேல் போட்ட பழி

போன வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த நேரத்தில் நடந்தது இது. தென்காசியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நான் வேலை பார்க்கிறேன். வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் எங்கள் மெஷினில் இரண்டு கார்டுகள் உண்டு. பாதித் தெருக்களும் குற்றாலத்து லாட்ஜுகளும் ஒன்றில், மீதி ஊர் இன்னொன்றில். ஒன்றில் நெரிசல் கூடினால் சில தெருக்களை அடுத்ததற்கு மாற்றி, இரண்டுக்கும் பாரத்தைச் சமமாகப் பிரித்துவிட வேண்டும். அதுதான் என் வேலை. மாற்றும்போது அந்தத் தெரு முழுக்கச் சில நிமிஷம் லைன் செத்துப்போகும். அதனால் பகலில் கை வைக்க மாட்டோம்.

சீசன் ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும் லாட்ஜில் உட்கார்ந்து வீடியோ அனுப்புவார்கள். கார்டு திணறும், எனக்குப் போனில் திட்டு விழும். அன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் திட்டவில்லை. அதுவே எனக்கு என்னவோ போலிருந்தது.

"மேடம், எங்க உம்மா மௌத்தாயிட்டாங்க. அண்ணன் துபாய்ல இருக்கான், லீவு கிடைக்கல. வீடியோல முகத்தக் காட்டுதோம், படம் நின்னு நின்னு போகுது. இப்ப அடக்கத்துக்குத் தூக்கிருவாவ."

அவள் தெரு, நெரிசலான கார்டில் இருந்தது. மாற்றினால் படம் தெளிவாக வரும், ஆனால் மாற்றி முடியும்வரை ஒன்றுமே வராது என்று விளக்கினேன். அவள் அங்கிருந்த பெரியவர்களிடம் கேட்டாள். பிள்ளை பார்க்கட்டும், காத்திருக்கிறோம் என்றார்களாம். வாசலில் சாரலில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றாள். நான் மேனேஜரைக் கேட்காமலே மாற்றினேன். ஸ்க்ரீனில் அந்தத் தெரு முழுவதும் சிவப்பானது. அது பச்சையாகும் வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

லைன் வந்துவிட்டது. அந்தப் பெண் என்னிடம் பேசிய போனை வைக்க மறந்திருந்தாள். வீடியோ ஓடிய இன்னொரு போனிலிருந்து அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது.

"உம்மாவா இது? இவ்வளவு மெலிஞ்சிட்டாங்களா? எனக்கு ஏன்ட்டி சொல்லல?"

அதற்குப் பிறகு கேட்டது அழுகைதான். போனை வைக்கவும் முடியாமல், கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

சில நாள் கழித்து அவள் ஆபீசுக்கே வந்தாள். உம்மா மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தாராம். தெரிந்தால் மகன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று அவருக்குப் பயம். அவன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம், லைன் சரியில்லை, படத்தை அணைத்துவிட்டுப் பேசு என்பாராம். அவனும் நம்பியிருக்கிறான்.

"எல்லாப் பழியையும் உங்க லைன் மேலதான் போட்டோம்க்கா. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றாள்.

அவள் போனதும் ஸ்க்ரீனில் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். சீசனுக்கு முந்தைய அந்த மாதங்களில் அவள் தெருவில் லைன் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மகனுக்கு உம்மாவைத் தெளிவாகக் காட்டியது நான்தான். நல்லது செய்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் அம்மா செங்கோட்டையில் தனியாக இருக்கிறாள். "லைன் சரியில்ல, அப்புறம் பேசுதேன்" என்று அவள் சொன்னால், இப்போதெல்லாம் நான் லைனைச் சரிபார்க்க ஸ்க்ரீனைப் பார்ப்பதில்லை, பஸ் ஏறிவிடுகிறேன்.