ஒரு தவளைக்காக மூடிய குட்டை

அந்த வட்டாரத்து விவசாயிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘தவளை மேடம்’. சாலட் இலைகளைக் கழுவிப் பொட்டலம் போட்டு நகரத்து அங்காடிகளுக்கு அனுப்பும் கம்பெனியில் அவள் வயல் பரிசோதகர். அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் லெட்டூஸ் கீரைப் பாத்திகளுக்கு நடுவே குனிந்தபடி நடப்பாள். எலிப் புழுக்கை, பறவை எச்சம், நாயின் கால்தடம் எதைக் கண்டாலும் சுற்றி ஐந்தடிக்குள் இருக்கும் இலை வேண்டாம் என்று எழுதுவாள். பதினான்கு வருடமாக இதுதான் வேலை. கழுத்துவலியைத் தவிர வேறெதையும் அவள் சம்பாதிக்கவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்த்து எழுதியதும் இல்லை.

தவளை கதை இப்படி. நகரத்தில் யாரோ பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே உயிரோடு ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. படம் எடுத்து இணையத்தில் போட்டார். பார்த்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்காடிக்காரர்கள் சிரிக்கவில்லை. ஒரே வாரத்தில் கம்பெனி புது விதி அனுப்பியது: வயலை ஒட்டித் தேங்கிய தண்ணீர் இருக்கக் கூடாது. குளமோ குட்டையோ, மூடினால்தான் கொள்முதல். விதியை ஊரெல்லாம் சொல்லிப்போனவள் அவள்; பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதனால் அவள் தன் அண்ணன் வயலில் இருந்தே தொடங்கினாள்.

அண்ணனின் ஆறு ஏக்கரில் ஒரு காலத்தில் சோளம், பயறு, கொஞ்சம் மாட்டுத் தீவனம் எல்லாம் விளைந்தன. கம்பெனி வந்தபின் முழுக்க லெட்டூஸ். பயறு வியாபாரி ஒற்றை வயலுக்காக லாரி அனுப்ப முடியாது என்று வருவதையே நிறுத்திவிட்டார். வயலோரம் ஒரு குட்டை. மேட்டு மழைநீர் அதில் இறங்கித் தேங்கி, நாற்பதடி தள்ளியிருந்த கிணற்றுக்கு ஊறும்.

“மூடலைன்னா?” என்றான் அண்ணன்.

“உன் இலைய எடுக்க மாட்டோம்ணா.”

“மாட்டோமாமே! கம்பெனியையே இவதான் கட்டி மேய்க்கிறா போல” என்றாள் அண்ணி. “ஏன், அந்தத் தவளைங்ககிட்ட நீயே சொல்லிப் பாரேன். உன் பேருல இருக்கிறதுங்க, கேக்காமலா போகும்?”

“அண்ணி, கிண்டல் பண்ற நேரமா இது? நான் எழுதலன்னா வேற ஆள் வந்து எழுதுவான்.”

அண்ணன் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். “கிணத்துக்குத் தண்ணி இதுலேர்ந்துதானே பாப்பா ஊறுது?”

அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்: “ஆழ்துளை போட்டுக்கலாம்ணா. மொத ஆளா நீ மூடிட்டா உனக்கு நல்ல பேரு.”

மண் தள்ளும் இயந்திரம் வந்தது. ஒன்றரை நாளில் குட்டை இருந்த இடம் தெரியவில்லை. மற்ற விவசாயிகள் இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். “இயந்திரம் கிடைக்கல மேடம்” என்று ஒருவர் ஐந்து முறை சொன்னார். ஐந்து முறையும் அவள் கண்டித்து எழுதினாள்; கம்பெனி கெடுவை நீட்டிக்கொண்டே போனது.

நான்கு மாதம் கழித்துக் கம்பெனி விதியை மாற்றியது. மூட வேண்டாம், முழங்கால் உயரத்துக்கு வலை வேலி போட்டால் போதும். காரணம் ஒரே வரி: மறுபரிசீலனை. இழுத்தடித்தவர்களின் குட்டைகள் தப்பின. சொன்ன சொல் கேட்டவன் மட்டும் ஏமாந்தான்.

அந்த வருடம் மழை குறைவில்லாமல் பெய்தது. அண்ணன் வயலில் மட்டும் தண்ணீர் நிற்க இடமில்லாமல் சாலையில் ஓடிப்போனது. கோடையில் கிணறு தரை தட்டியது. இரண்டு இடத்தில் ஆழ்துளை போட்டார்கள். இரண்டிலும் புழுதிதான் வந்தது. இலைகள் உள்ளங்கை அளவுகூட வளரவில்லை.

“எல்லாம் தலையெழுத்து” என்று பக்கத்து வயல்காரர் ஆறுதல் சொன்னார். தலையில் எழுத அங்கே யாருடைய பேனாவும் வரவில்லை. எழுதியது குளிரூட்டிய ஓர் அறையில், குட்டை எதற்கு என்று கேட்கத் தேவையில்லாத ஒருவர். திருத்தியதும் அவரே. திருத்தும்போது அவருக்கு ஒரு தாள் செலவு. அண்ணனுக்கு ஆறு ஏக்கர்.

கொள்முதல் பட்டியலில் இருந்து நீக்கும் படிவத்தை அவள்தான் எடுத்துக்கொண்டு போனாள். காரணம் என்ற கட்டத்தில் ‘போதிய நீர்வசதி இல்லை’ என்று எழுதினாள். அது உண்மை.

“திரும்ப வெட்டலாமா அந்தக் குட்டைய?” என்று அண்ணி கேட்டாள். குரலில் கிண்டல் இல்லை.

“வெட்டி, தண்ணி ஊறி வர எத்தனை வருசமோ அண்ணி. பட்டியல்ல இடம் அதுவரைக்கும் காத்திருக்காது.”

“அப்ப பயறு?”

“யாருக்கு விக்கிறது?” என்றான் அண்ணன்.

அவன் படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தான். “குட்டைய மூடச் சொன்னது யாருன்னு எழுத இதுல எங்கயாவது கட்டம் இருக்கா பாப்பா?”

“இல்லண்ணா.”

அவள் கையில் இருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.